பதினேழு நொடிச் சத்தம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அளவு கொடுத்துத் தைக்கச் சொன்ன சட்டை மாதிரி, ஒருவர் கேட்டு நான் எழுதுவது. கேட்டவர் நூலகத்தில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார். "ரொம்ப நீளமா வேண்டாம். வாய்விட்டுப் படிச்சா அரை மணி நேரத்துல முடியணும். வழக்கம்போல யாருக்கும் புரியாம எழுதிராதீங்க," என்றார். இருபது வருடமாக எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அதனால் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

கதைக்கான சரக்கு என் ஃபோனில் இருக்கிறது. பதினேழு நொடி ஓடும் ஓர் ஒலிப்பதிவு. முதலில் எதையோ கஷ்டப்பட்டு இழுப்பது போல நீளமாக ஒரு சத்தம். அதன் நடுவில் மெல்லிய விசில். முடிகிற இடத்தில் ஒரு கரகரப்பு. கொஞ்சம் அமைதி, பிறகு மறுபடி இழுப்பு. தேர்ந்த எழுத்தாளராக இருந்தால் இது என்ன சத்தம் என்பதைக் கடைசி வரி வரைக்கும் மறைத்து வைத்து உங்களை அலைக்கழிப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அது ஒரு மனிதருடைய மூச்சு. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவரின் மார்புக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்து அவர் மனைவி பதிவு செய்தது. அந்த மனிதர் டாக்டரிடம் போக மாட்டேன் என்கிறார். போக வைக்க வேண்டும். கதையில் உள்ள பிரச்சினை இவ்வளவுதான்.

இன்னொன்று. முடிவை வாசகர் கையில் விட்டுவிடும் கதைகள் எனக்குப் பிடிக்காது. வண்டியைப் பிரித்து மாட்டிவிட்டு, மிஞ்சிய நாலு போல்ட்டை ஒரு கவரில் போட்டு, "இது எங்க வந்துச்சுன்னு தெரியல, வச்சுக்குங்க" என்று நீட்டும் மெக்கானிக்குக்கும் அந்த எழுத்தாளர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

2

(தொடக்கம், முதல் முயற்சி.) "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு ஆண்கள் ஓடாத ஒரு காரைச் சுற்றி, துக்க வீட்டில் நிற்பதைப் போல"

வேண்டாம். முதல் வரியிலேயே துக்க வீட்டைக் கொண்டுவந்தால் நூலகர் என்னைச் சும்மா விட மாட்டார்.

(இரண்டாம் முயற்சி.) "இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனிதன் தன்னைத்தானே"

தன்னைத்தானே என்ன செய்துகொண்டான் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குள் ஒரு கட்டுரைக்காரன் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். கதை எழுத உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுவான். அவனுக்குக் கதவைக் காட்டிவிட்டேன்.

(மூன்றாவது.) ஆட்களைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும்.

நாங்கள் நான்கு பேர். கார்ப் பைத்தியங்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அதில் காரை எடுத்துவிட்டும் சொல்வதுண்டு.

முதலில் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, எங்களில் மூத்தவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. எங்களுக்குள் அவர் பட்டப்பெயர் 'காது'. தரைத்தளத்தில் நின்றபடி ஐந்தாவது மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டுக் கார் ஷெட்டில்தான் நாங்கள் கூடுகிறோம். அங்கே இரண்டு கதவு வைத்த ஒரு பழைய கார் நான்கு வருடமாக மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. அதன் தகட்டில் உள்ள குழிகளை அடைக்க அவர் பட்டி போடுவார், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், திருப்தி வராது, மறுபடி பட்டி போடுவார். அந்த ஷெட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் நின்றால் நாமும் முகத்துக்குப் பவுடர் போட்டது போல ஆகிவிடுவோம். பதினேழு நொடி மூச்சு அவருடையதுதான்.

இரண்டாவது டாக்டர். எங்கள் குழுவிலும் ஒரு மருத்துவர் உண்டு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பல்லுக்கு மட்டும்.

மூன்றாவது என் மச்சான், மனைவியின் தம்பி. பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறான். அதில் சத்தமே வராது என்பதால் அவனை நாங்கள் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நான்காவது நான். மிக்ஸி, வாஷிங் மெஷின் போன்றவற்றோடு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, நீங்கள் பிரித்தவுடன் தூக்கிப் போடுவது, அதை எழுதிப் பிழைக்கிறேன். குறிப்பாக எச்சரிக்கைகள். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்னுடையது. என் காரில் ஏழு மாதமாக ஒரு எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கண்ணை உறுத்துகிறது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.*

* டாக்டரும் ஒட்டியிருக்கிறார். டேப் கொடுத்தது நான்.

3

இப்போது நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வோம் என்று உங்களுக்குக் காட்ட வேண்டும். எந்த ஞாயிறை எடுத்தாலும் ஒன்றுதான்.

"டாக்டர், பாத்ரூம் என்னாச்சு?" என்று அண்ணன் ஆரம்பிப்பார். டாக்டர் தன் வீட்டுக் குளியலறையைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார்.

"டைல் ஒட்டியாச்சு. ஒரு சின்னப் பிரச்சினை. தண்ணி பெட்ரூம் பக்கம் வருது."

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும்," என்பான் மச்சான். "நீங்க பள்ளத்த பெட்ரூம்ல வச்சிட்டீங்க."

"கொத்தனாரக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்பேன் நான்.

"கொத்தனார் வந்து என் கிளினிக்ல பல்லு புடுங்கினா நான் ஒத்துக்குவேனா?"

"அவர் புடுங்க வரலயே டாக்டர். நீங்கதான அவர் வேலைக்குப் போனீங்க."

அண்ணன் தன் வேலைக் கதையைச் சொல்வார். ஒரு அலுவலகத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும்போது லேசாக உறுமுகிறது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று மேனேஜர் கேட்டாராம். "நான் பதிலே சொல்லல. சுவிட்ச ஆஃப் பண்ணி, போர்ட மாட்டிட்டு வந்துட்டேன். ஆறு மாடி ஏறட்டும். சத்தம் வந்தா முதல்ல நிறுத்து, காரணம் அப்புறம் தேடு. லிஃப்ட் வேலையில அதான் முதல் பாடம்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கும். கார்க் கதவின் மேல் கை ஊன்றிக்கொள்வார். கதவைச் சோதிக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

"அண்ணே, நான் குடுத்த மாஸ்க் எங்க?" என்று மச்சான் கேட்பான். பள்ளி ஆய்வகத்திலிருந்து அவன் கொண்டுவந்து கொடுத்தது, இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்தது.

"அங்க பாரு." மாஸ்க் காரின் ஸ்டியரிங்கில் தொங்கும்.

"அது காருக்கா?"

"அதுக்குத்தான்டா தூசி ஆகாது."

நாங்கள் சிரிப்போம். நன்றாகவே சிரிப்போம். இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: எங்கள் நான்கு பேருக்குள் கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம்கூட வராது. டாக்டரின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அவருக்கு அனுப்பிய செய்தி, 'பல்லாவது நல்லா இருக்கா?' என்பதுதான். அவர் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அன்று சாயங்காலம் அவருடைய அப்பா இறந்துபோனார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

(இந்தப் பத்தி கதைக்குத் தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். தேவை.)

4

சத்தப் போட்டி.

எங்கள் குழுவின் ஒரே வழக்கம் இதுதான், அதனால் இதற்குத் தனி எண் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் ஏதாவது ஒரு வண்டியின் கோளாறுச் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். மூன்று முறை போட்டுக் காட்டலாம். என்ன வண்டி, யாருடைய வண்டி என்று கேட்கக்கூடாது. மற்றவர்கள் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னவர்கள் மற்றவர்களின் காரை உள்ளே வெளியே துடைத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட யாருடைய காரையும் துடைத்ததில்லை.

அண்ணன் போட்ட இன்னொரு விதியும் உண்டு. சும்மா கண்டுபிடித்துவிட்டுப் போனால் என்ன பிரயோசனம் என்று அவர்தான் கொண்டுவந்தார். காது தீர்ப்புச் சொல்லிவிட்டால், அந்த வண்டிக்காரர் அடுத்த ஞாயிறுக்குள் அதைச் செய்தே ஆக வேண்டும். சாக்குச் சொல்லக்கூடாது. ஒருமுறை டாக்டர் காரின் பிரேக்கை மாற்றச் சொன்னார். டாக்டர் இழுத்தடித்தார். அண்ணன் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், கார் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் ஒன்பது நாள் நடந்து போனார்.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் கண் வைத்தது இதன் மேல்தான்.

5

நூலகர் என்று இத்தனை நேரம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அண்ணனின் மனைவி. எனக்கு அண்ணி. ஷெட்டின் ஒரு மூலையில் மூன்று மரக் கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆறு வருடத்துக்கு முன் அண்ணிக்குச் சமையலறையில் அலமாரி செய்து தருவதாகச் சொல்லி அண்ணன் அறுத்தவை. நாலாவது கதவு பெயிண்ட் டப்பா வைக்கும் மேஜையாக மாறிவிட்டது. அண்ணி அந்த அலமாரியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி நாளாகிவிட்டது.

ஆனால் அவர் ஷெட்டுக்கு வருவார். சனிக்கிழமைதோறும் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கதவோரமாக உட்கார்ந்துகொள்வார். அண்ணன் கையெல்லாம் பட்டியாக வேலை செய்ய, அண்ணி அவருக்குப் படித்துக் காட்டுவார். செய்தித்தாள், நூலகத்துக்குப் புதிதாக வந்த நாவல், ஒருமுறை நான் எழுதிய வாஷிங் மெஷின் புத்தகம்கூட. "பன்னெண்டாம் பக்கம் கொஞ்சம் உருக்கமா இருந்துச்சு," என்று அண்ணன் மறுநாள் சொன்னார்.

பத்து நாளைக்கு முன்பு அண்ணி என்னை நூலகத்துக்கு வரச் சொன்னார். திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை போட்டபடியே, ஃபோனை என் பக்கம் தள்ளி அந்தப் பதினேழு நொடியைப் போட்டுக் காட்டினார். எனக்கு உடனே புரியவில்லை. ஏர் ஃபில்டர் என்று நினைத்தேன், சொல்லவும் சொன்னேன்.

"அது உங்க அண்ணன்," என்றார். "மூணு மாசமா இப்படித்தான். படி ஏறினா நிக்கிறார். ராத்திரி ரெண்டு தலையணை வச்சுப் படுக்கிறார். டாக்டர்கிட்ட போலாம்னா, 'ஓடுற வண்டியத் தொடாதே'ங்கிறார். 'சர்வீஸுக்கு விட்டா ஒரு கோளாறுக்குப் போவோம், ஒம்போது எழுதிக் குடுப்பான்'ங்கிறார். அவங்க அப்பாவும் இப்படித்தான் தள்ளிப் போட்டார். நான் சொல்லி அலுத்துப்போச்சு."

"நான் சொல்லவா அண்ணி?"

"நீங்க சொன்னா கேக்க மாட்டார். யார் சொன்னாலும் கேக்க மாட்டார். அவர் சொன்னா கேப்பார்."

அண்ணியின் திட்டம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தத்தைப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். யாருடையது என்று சொல்லக்கூடாது. தீர்ப்பை அண்ணன் வாயாலேயே வரவழைக்க வேண்டும். அதன்பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும். விதி அவருடையது, தீர்ப்பும் அவருடையது, தப்பிக்க வழி இருக்காது. நான் இருபது வருடமாக எழுதிய எந்தக் கதையிலும் இவ்வளவு நல்ல முடிச்சு இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"விளையாட்டாச் சொல்லிராதீங்க," என்றார் அண்ணி. "எனக்கு அது ஒண்ணுதான் பயமா இருக்கு."

6

போன ஞாயிறு.

முறை என்னுடையது. ஃபோனைக் காரின் பானெட் மேல் வைத்து முதல் தடவை போட்டேன்.

"ஃபேன் பெல்ட்," என்றார் டாக்டர். அவருக்கு எல்லாமே ஃபேன் பெல்ட்.

மச்சான் இரண்டாவது தடவை கேட்டான். "எங்கயோ காத்து லீக் ஆகுது மாமா. ரப்பர் குழாய் கிழிஞ்சிருக்கணும்."

அண்ணன் மூன்றாவது தடவைக்குத்தான் கண்ணை மூடுவார். மூடினார். ஷெட்டில் சத்தமில்லை. ஃபோனிலிருந்து ஒரு மூச்சும், ஃபோனுக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரிடமிருந்து அதே மூச்சும் எனக்கு ஒரே சமயத்தில் கேட்டன. மற்ற இருவருக்கும் எப்படிக் கேட்காமல் போயிற்று என்று அப்போது விளங்கவில்லை.

"குழாய் இல்லடா," என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "உள்ள காத்து போற வழி அடைச்சிருக்கு. இன்னிக்கு நேத்து அடைச்சது இல்ல. இழுக்க முடியாம இழுக்குது பாரு. கடைசியில கரகரன்னு வருதே, அது தூசி ஃபில்டரத் தாண்டி உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்." கண்ணைத் திறந்தார். "இத வச்சு இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கானா?"

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கார்," என்றேன்.

"அறிவு இருக்கா அவனுக்கு? சத்தம் வந்து ரெண்டு மூணு மாசம் இருக்கும். வீட்டுல சொல்றதுக்கு ஆள் இல்லயா? நாளைக்கே நிறுத்தித் திறந்து பாக்கச் சொல்லு. இப்பன்னா சுத்தம் பண்ணிரலாம். இன்னும் ஆறு மாசம் ஓட்டினான்னா அப்புறம் எடைக்குத்தான் போடணும். யாரு வண்டி இது?"

இந்த இடத்துக்காக நான் இரண்டு இரவு ஒத்திகை பார்த்திருந்தேன்.

"உங்களோடதுதான் அண்ணே."

"என்னோடதா? இது ஸ்டார்ட் ஆகியே நாலு வருஷம் ஆச்சு."

"வண்டி இல்ல. நீங்க. போன வாரம் மத்தியானம் நீங்க தூங்கும்போது அண்ணி எடுத்தாங்க. இது உங்க மூச்சு."

மச்சான் 'ஹே' என்று கையைத் தட்டினான். டாக்டர் பானெட்டில் சாய்ந்துகொண்டு குலுங்கினார். "போன தடவ இவன் குறட்டைய டீசல் எஞ்சின்னு போட்டீங்க, இந்தத் தடவ அண்ணனா?" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் விட்ட குறட்டையைப் போட்டிக்குக் கொண்டுவந்தது நான்தான். டாக்டர் அதற்கு ஃபேன் பெல்ட் என்று சொல்லித் தோற்றார். புலி வருது, புலி வருது என்று விளையாட்டுக்குக் கத்தியவனின் கதை எல்லாருக்கும் தெரியும். புலி நிஜமாகவே வந்தபோது என் கையில் ஃபோன் இருந்தது, நம்புவதற்கு ஆள் இல்லை.

அண்ணனும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். டாக்டர் அவர் முதுகைத் தட்டி, "வாயத் திறங்க, பல்லப் பாத்துருவோம்," என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

7

இந்த இடத்தில் நான் எழுதியிருந்த வாக்கியம்: "அந்த ஒரு நொடியில் அண்ணனின் கண்களில் ஒரு பயம் மின்னி மறைந்தது."

அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது. நான் அவர் கண்களைப் பார்க்கவில்லை. எல்லாரும் சிரித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. ஜோக் எடுபட்டுவிட்டதே என்று. ஜோக்கே சொல்லாதவனுக்கு அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வந்தது. நானும் சிரித்தேன். "சும்மா இல்லண்ணே, நிஜமா," என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் கிழியப் பேசுகிறவன், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் ஃபோனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதாபாத்திரத்தின் மேல், அதாவது என் மேல், எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு ஆளைப் போட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு நேர்மையான நண்பன், கலங்கிய கண்களோடு அண்ணனின் தோளைப் பிடித்து... இல்லை, அப்படி ஒருவன் எங்கள் ஷெட்டுக்குள் வந்தால் பத்து நிமிடம் தாங்க மாட்டான்.

அண்ணனைப் பற்றித்தான் இன்னொரு சந்தேகம். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு அவர் ஒன்று சொன்னார்.

"இந்தப் போட்டி செல்லாது. வண்டிச் சத்தம் மட்டும்தான் கணக்கு."

ஆறு வருடத்தில் அவர் எந்தப் போட்டியையும் செல்லாது என்று சொன்னதில்லை. மச்சானின் குறட்டையைக்கூட ஏற்றுக்கொண்டார். அது ஜோக் என்று உண்மையிலேயே நினைத்திருந்தால் தள்ளுபடி செய்ய வேண்டிய அவசியம் என்ன? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கிய யானை அல்ல, சறுக்கும் இடம் தெரிந்து வேறு பக்கம் நடந்த யானை என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்ல முடியும்.

அன்று மாலை அண்ணி கூப்பிட்டார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவர்?"

"சிரிச்சார்."

"நீங்க?"

ஃபோனில் கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணி, "சரி, எழுதிக் குடுங்க," என்றார்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) அண்ணன் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர், நிஜமான டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல நேரத்தில் வந்தீர்கள்," என்கிறார். மருந்து, ஓய்வு, மாஸ்க். அடுத்த வருடம் கார் தெருவில் ஓடுகிறது, சமையலறையில் அலமாரி ஜொலிக்கிறது. நான் எழுதும் மிக்ஸிப் புத்தகத்தின் அட்டைப் படத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். அது மாதிரி இருக்கிறது.

(ஆ) "அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கார் முதல் தடவையாகத் தெருவுக்கு வந்தது. ஓட்டி வந்தவன் மச்சான். பக்கத்தில் அண்ணி, மடியில் அண்ணனின்"

இதை முடிக்கவில்லை. கை நடுங்கி நிறுத்தினேன் என்றால் பொய். கை நடுங்கவே இல்லை. யோசிக்காமல், தடங்கலே இல்லாமல், தானாக ஓடிவந்த ஒரே வாக்கியம் இதுதான். அதுதான் பயமாக இருந்தது. இதை அடித்துவிடலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். இது எவ்வளவு சுலபமாக எழுத வருகிறது என்று கேட்க வேண்டியவர் கேட்கட்டும்.

(இ) அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் ஏறுகிறார். இரண்டாவது மாடி தாண்டும்போது லிஃப்ட் லேசாக உறுமுகிறது. இறங்கி, சுவிட்சை ஆஃப் செய்து, போர்டு மாட்டி, மேல்தளத்துக்கு ஏறி, மூச்சு வாங்க வாங்க மத்தியானம் வரைக்கும் அதைச் சரிசெய்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இதை அண்ணிக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். முதன்முதலாகச் சிரித்தார். "இதான் நடக்கும்," என்றார். "ஆனா எழுதாதீங்க. அவருக்கு யோசனை குடுத்த மாதிரி ஆயிரும்."

எழுதிவிட்டேன் அண்ணி, மன்னித்துக்கொள்ளுங்கள். அண்ணே, அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டே தேவைப்படாத கீழ்த்தளத்திலேயே ஒரு டாக்டர் உட்காருகிறாராம். விசாரித்துவிட்டேன்.

9

ஆமாம். அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

மற்ற வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். உங்களிடம் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டு வந்தேன், ஆனால் இந்தக் கதைக்கு உண்மையில் ஒரே ஒரு வாசகர்தான், அவரும் படிக்கப்போவதில்லை, கேட்கப்போகிறார். இன்று சனிக்கிழமை, பட்டி போடும் நாள். கலந்த பட்டி சில நிமிடத்தில் இறுகிவிடும், விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. "அந்த நேரம் பாத்து நான் படிக்கிறேன்," என்றார் அண்ணி. "ஓட வழியில்லாம நிப்பார்." அதற்காகத்தான் அரை மணி நேரம், அதற்காகத்தான் புரியும்படி.

அண்ணே, முதல் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று தடவை கேட்க வேண்டிய ஆள் இல்லை நீங்கள். இருந்தாலும் எழுந்து போகவில்லை. பட்டி மேல் பழியைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று இவ்வளவு தூரம் கேட்டிருக்கிறீர்கள். அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன்.

கிண்டல் இல்லாமல் ஒரே ஒரு தடவை சொல்கிறேன், எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இப்படிப் பேசிப் பழக்கமில்லை: அது ஜோக் இல்லை. அன்றைக்கு நான் சிரித்திருக்கக்கூடாது. நீங்கள் இல்லாத ஷெட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அங்கே நாங்கள் மூன்று பேரும் எதற்குக் கூடுவோம், ஃபேன் பெல்ட் என்று சொல்லிக்கொண்டிருக்கவா?

போட்டி செல்லாது என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. மச்சான், டாக்டர் இரண்டு பேரிடமும் வெள்ளிக்கிழமையே போய், சிரிப்பதற்கு இடம் கொடுக்காமல் சொல்லிவிட்டேன். மூன்றுக்கு ஒன்று. தீர்ப்பு நிற்கிறது. அப்போது டாக்டர், "அவர் மூச்சு எனக்கு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு," என்றார். "யாராவது சொல்லுவாங்கன்னு இருந்தேன்." நாளை காலை பத்து மணிக்கு நாங்கள் வரும்போது, திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்போம். இல்லையென்றால் டாக்டரின் சாவியை நீங்கள் எடுத்தது போல, ஷெட்டின் சாவி எங்கள் பைக்குப் போகும். என் காரில் டேப்பை இன்று காலை உரித்துவிட்டேன், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் திங்கட்கிழமை வண்டியை விடுகிறேன்.

முடிவை வாசகர் கையில் விட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது நாலு போல்ட்டைக் கவரில் போட்டு நீட்டிக்கொண்டு நிற்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள், இவை எங்கே வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணி, இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் ஃபோனில் அந்தப் பதினேழு நொடியைப் போடுங்கள்.

அண்ணே, கையில் இருக்கும் பட்டித் தகட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பட்டி இறுகினால் இறுகட்டும், வேறு கலந்துகொள்ளலாம்.